இணையக் கூட்டத்தில் மைக் யார் கையில்? தேவைகளை எழுதுவது முதல் கட்டுப்பாட்டு முறையை அமைப்பது வரை

ஐம்பது பேர் கூடும் இணையக் கூட்டத்துக்கு மென்பொருள் தேடுபவர்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் சேரலாம், எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். ஆனால் கூட்டம் குலைவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நடத்துநர் அணைத்த மைக்கை யார் திறக்கலாம்? நடத்துநரின் இணைப்பு அறுந்தால் அவருடைய அதிகாரம் யாருக்குப் போகும்? இரண்டு நடத்துநர்கள் ஒரே நொடியில் எதிரெதிராகக் கட்டளை கொடுத்தால் எது செல்லும்? இவற்றை எழுதி வைக்காமலே சர்வரை நிறுவிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மென்பொருள் கடைசியில் வருகிறது.

இந்தத் துறைக்கான அடிப்படைச் சொற்களையும் வரையறைகளையும் இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2005 முதல் 2008 வரை ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணங்களில் வெளியிட்டது. இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் சிப் நெறிமுறையில் நடக்கும் கூட்டங்களின் தேவைகளை ஆர்எஃப்சி 4245 சொல்கிறது. அதன் கட்டமைப்பு ஆர்எஃப்சி 4353. சிப்பை மட்டும் சார்ந்திராத பொதுக் கட்டமைப்பு ஆர்எஃப்சி 5239. இன்றைய மென்பொருள்களில் பல இந்த நெறிமுறைகளை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனால் இவை பிரித்துக் காட்டிய பாகங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. பாகங்கள் வெளிப்படையாகத் தெரியும் ஜிட்சி என்ற திறமூலக் கூட்ட மென்பொருளைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

கணக்குக்கு ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 பேர். அவர்களில் 42 பேர் கணினியிலோ ஸ்மார்ட்போனிலோ வீடியோவுடன் வருகிறார்கள்; 8 பேர் சாதாரணத் தொலைபேசியில் அழைத்துச் சேர்கிறார்கள். நடத்துநர்கள் 3 பேர். இரண்டு மணி நேரம் நடக்கும். பதிவு செய்ய வேண்டும்.

படி 1: அதிகாரங்களை வாக்கியமாக எழுதுங்கள்

"மியூட் வசதி வேண்டும்" என்பதைத் தேவை என்று சொல்ல முடியாது. அதை நிரல் எழுதுபவர் மூன்று விதமாகச் செய்து தரலாம், மூன்றும் சரியென்றே படும். யார், யார்மீது, எதை, எந்த நிலையில் செய்யலாம், அது முடியாமல் போனால் என்ன ஆகும் என்ற ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். உதாரணமாக:

- நடத்துநர் மூவரில் எவரும் எந்தப் பங்கேற்பாளரின் ஒலியையும் நிறுத்தலாம். நிறுத்தப்பட்டவரின் கருவி ஒலியை அனுப்பிக்கொண்டே இருந்தாலும் சர்வர் அதை மற்றவர்களுக்குக் கடத்தக் கூடாது.
- நிறுத்தப்பட்டவரின் மைக்கை நடத்துநர் தொலைவிலிருந்து திறக்க முடியாது. பேச அனுமதி மட்டுமே தரலாம். மைக்கைத் திறப்பவர் அந்தப் பங்கேற்பாளர்தான்.
- தொலைபேசியில் வந்தவர் ஒரு குறிப்பிட்ட விசையை அழுத்திக் கை உயர்த்தலாம். அவர் அழுத்தியது பதிவானதா இல்லையா என்பது அவருக்கு ஒலியாகக் கேட்க வேண்டும்.
- நடத்துநர்கள் மூவரும் வெளியேறிவிட்டால் கூட்டம் 5 நிமிடம் திறந்திருக்கும். அதுவரை புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. பின்னர் தானாக முடியும்.

இரண்டாவது வரியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து பேசுபவரின் மைக்கை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் திறக்க முடிந்தால் அது அந்த வீட்டை ஒட்டுக்கேட்பதற்குச் சமம்.

பாத்திரங்களைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. நிர்வாகி, நடத்துநர், பங்கேற்பாளர், பார்வையாளர் என்ற நான்கே பெரும்பாலான கூட்டங்களுக்குப் போதும். பதிவு செய்யும் நிரலையும், தொலைபேசி அழைப்பைக் கூட்டத்தோடு இணைக்கும் கேட்வேயையும் தனிப் பாத்திரங்களாக எழுதி வையுங்கள். அவையும் உள்ளே வந்து உட்காரும் ஆட்கள்தான். எண்ணிக்கையிலும் சேர்கின்றன, பட்டியலிலும் பெயராகத் தெரிகின்றன.

படி 2: ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தேவைகளை முதலிலேயே பிரியுங்கள்

எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், தொலைபேசி அழைப்பு, சர்வரில் பதிவு ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் கேட்பவர்கள் நிறையப் பேர். மூன்றும் சேர்ந்து கிடைக்காது. என்கிரிப்ஷனின் சாவி பங்கேற்பாளர்களின் கருவிகளில் மட்டும் இருந்தால் சர்வருக்கு ஒலி புரியாது. புரியாத ஒலியைத் தொலைபேசிக்கு மாற்றவோ பதிவு செய்யவோ முடியாது. கேட்வேக்கும் பதிவு நிரலுக்கும் சாவியைக் கொடுத்தால் அவை செயல்படும். ஆனால் அதன்பின் சர்வர் பக்கம் இருக்கும் ஒரு நிரல் எல்லாவற்றையும் கேட்கிறது என்றுதான் பங்கேற்பாளர்களிடம் சொல்ல வேண்டும். நம் உதாரணத்தில் 8 பேர் தொலைபேசியில் வருகிறார்கள், பதிவும் வேண்டும். ஆகவே கருவிக்கும் சர்வருக்கும் இடையிலான என்கிரிப்ஷன் மட்டுமே சாத்தியம். சர்வர் யாருடைய கையில் இருக்கிறது என்பதும் தேவைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர வேண்டும்.

அடுத்த மோதல் பெயர் மறைப்புக்கும் வருகைப் பதிவுக்கும் இடையில். மற்றவர்களுக்குத் தெரியாமல் சர்வருக்கு மட்டும் பெயர் தெரிவது ஒரு வகை. சர்வருக்கே தெரியாமல் இருப்பது இன்னொன்று. வாக்கெடுப்பு உள்ள கூட்டத்தில் இரண்டாவது வகை நடக்காது.

மூன்றாவது, செலவு. அதைப் படி 4-இல் எண்ணாகவே பார்ப்போம்.

படி 3: யார் தீர்மானிப்பது? மூன்று மாதிரிகள்

தளர்வான மாதிரியில் மையம் என்று ஒன்று கிடையாது. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டத்தின் ஒலி மல்டிகாஸ்ட் (ஒரு முகவரிக்கு அனுப்பியதைப் பலர் பெறும் முறை) வழியே இணையத்தில் ஒலிபரப்பானது. அந்த வகைக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் ஒரு முகவரியைக் கேட்கத் தொடங்கலாம். யார் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு கருவியும் அவ்வப்போது அனுப்பும் ஆர்டிசிபி அறிக்கைகளிலிருந்து தோராயமாகத் தெரியும். அந்த அறிக்கைகளுக்கு மொத்த அலைவரிசையில் 5 சதவீதம் என்று வரம்பு இருப்பதால், ஆட்கள் கூடக்கூட அவை வரும் இடைவெளியும் நீளும். யாரையும் வெளியேற்ற முடியாது. ஒலிபரப்புக்கு ஏற்ற முறை. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு உதவாது.

முழுமையாகப் பரவிய மாதிரியில் ஒவ்வொருவரின் கருவியும் மற்ற எல்லோருடனும் நேரடியாகப் பேசும். மூன்று நான்கு பேருக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒருவரை எல்லோரும் சேர்ந்து வெளியேற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக அவரைத் துண்டிக்க வேண்டும். ஒரு கருவிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால் அவர் பாதிக் கூட்டத்தில் இருப்பார்.

இறுக்கமான மாதிரியில் ஃபோகஸ் என்ற ஒரு மையம் உண்டு. எல்லா இணைப்புகளும் அதனுடன்தான். கூட்டத்துக்கு ஒரு முகவரி. அந்த முகவரிக்கு வரும் அழைப்பை ஃபோகஸ் ஏற்கும் அல்லது மறுக்கும். ஆர்எஃப்சி 4353 இதைச் சுற்றியிருக்கும் வேலைகளையும் பிரிக்கிறது: விதிகளை வைத்திருப்பது, நிலவரத்தை அறிவிப்பது, ஒலி ஒளியைக் கலப்பது. ஜிட்சியில் ஃபோகஸின் பெயர் ஜிகோஃபோ. அறையையும் பாத்திரங்களையும் எக்ஸ்எம்பிபி என்ற செய்தி நெறிமுறையின் சர்வரான ப்ரோசடி வைத்திருக்கிறது. ஒலி ஒளி செல்வது வீடியோபிரிட்ஜ் வழியே. தொலைபேசிக்கு ஜிகாசி, பதிவுக்கு ஜிப்ரி.

நம் உதாரணக் கூட்டத்துக்கு மூன்றாவது மாதிரிதான். ஐந்து பேருக்கு மேல் கூடும், முடிவெடுக்கும் எந்தக் கூட்டத்துக்கும் அதையே பரிந்துரைக்கிறோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கட்டுப்பாடு ஒரே மையத்தில் இருந்தாலும் ஒலி ஒளி அதே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபோகஸ் ஒரு சர்வரில் இருக்கலாம், ஒலி ஒளியைக் கடத்தும் பிரிட்ஜ்கள் மூன்று ஊர்களில் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள், கூட்டம் பெரிதாகும்போது எதைப் பெரிதாக்குவது என்று தெரியாமல் திணறுவார்கள்.

படி 4: ஒலி ஒளியின் வழி, எண்ணுடன்

நேரடி இணைப்பு: N பேருக்கு N(N-1)/2 இணைப்புகள். 6 பேருக்கு 15. ஒருவரின் வீடியோ 1 எம்பிபிஎஸ் என்றால் ஒவ்வொருவரும் 5 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேண்டும். பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம்தான் குறைவு என்பதால் முதலில் முறிவது அங்கேதான்.

மிக்ஸர்: எல்லோருடைய ஒலியையும் சர்வர் பிரித்து, கூட்டி, மீண்டும் சுருக்கி அனுப்பும். பேசுபவருக்கு அவர் குரலை நீக்கிய கலவைதான் போக வேண்டும். இல்லையென்றால் சிறிது தாமதமாகத் தன் குரலையே அவர் கேட்பார். ஒரு வாக்கியம்கூட முடிக்க முடியாது. ஆகவே 3 பேர் பேசினால் அவர்களுக்கு மூன்று தனிக் கலவைகள், கேட்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று என நான்கு வேண்டும்.

எஸ்எஃப்யூ: சர்வர் எதையும் கலக்காது. வரும் பொதிகளில் (டேட்டா துண்டுகளில்) யாருக்கு எது என்று தேர்ந்து அப்படியே கடத்தும். ஜிட்சி வீடியோபிரிட்ஜ் இந்த வகை.

தாமதத்தில் இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ-டி) ஜி.114 பரிந்துரை. ஒலியைச் சுருக்கும் ஓபஸ் கோடெக் வழக்கமான அமைப்பில் 26.5 மில்லி வினாடி எடுக்கும். கருவிக்கும் சர்வருக்கும் இடையே 30, முன்னும் பின்னுமாக வரும் பொதிகளைச் சீராக்கக் காத்திருக்கும் ஜிட்டர் பஃபருக்கு 40 என்று வையுங்கள். எஸ்எஃப்யூ வழியில் 26.5 + 30 + 30 + 40 = 126.5. மிக்ஸர் வழியில் இடையில் இன்னொரு முறை பஃபரும் சுருக்கமும் சேர்வதால் 26.5 + 30 + 40 + 26.5 + 30 + 40 = 193. ஒருவர் பேச்சில் இன்னொருவர் இடறி விழுவதும், இருவரும் சேர்ந்து "நீங்க சொல்லுங்க" என்பதும் இந்த 193-இல் தொடங்குகிறது.

இனி அலைவரிசை. ஓபஸ் ஒலி 32 கேபிபிஎஸ். 20 மில்லி வினாடிக்கு ஒரு பொதி என்றால் வினாடிக்கு 50 பொதிகள். ஒவ்வொரு பொதியிலும் ஐபி 20, யூடிபி 8, ஆர்டிபி 12, பாதுகாப்பு முத்திரை 10 என குரலோடு சேர்ந்து போகும் 50 பைட் தலைப்பு. அதுவே 20 கேபிபிஎஸ். ஆக ஒரு குரலுக்கு 52. வெறும் 32 என்று கணக்கிட்டவர்களின் கணக்கு ஒலியில்தான் முதலில் தவறும்.

வீடியோவை ஒவ்வொரு கருவியும் மூன்று அளவில் அனுப்பட்டும்: 1500, 500, 200 கேபிபிஎஸ். பார்ப்பவருக்குப் பேசுபவர் பெரிதாகவும், மேலும் 6 பேர் சிறிதாகவும், மூன்று குரல்களும் போகட்டும். 1500 + 1200 + 156 = 2856 கேபிபிஎஸ். 42 பேருக்கு ஏறக்குறைய 120 எம்பிபிஎஸ். கால் பங்கு கூடுதலாக வைத்து, சர்வரிலிருந்து வெளியேற 150 எம்பிபிஎஸ் என்று எழுதுங்கள். எல்லோரையும் எல்லோரும் சிறு கட்டத்தில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், வீடியோ மட்டுமே ஒருவருக்கு 41 × 200 = 8.2 எம்பிபிஎஸ், மொத்தம் 344. அந்த ஒரு வரித் தேவையின் விலை அவ்வளவு.

பங்கேற்பாளர் பக்கமும் கணக்கிடுங்கள். 2856 கேபிபிஎஸ் என்பது, வருவது மட்டுமே, இரண்டு மணி நேரத்தில் சுமார் 2.6 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் இருப்பவருக்கு அதிலேயே முதல் மணி நேரம் தாண்டிச் சிறிது நேரத்தில் டேட்டா தீர்ந்துவிடும். ஒலி மட்டும் என்றால், போவதும் வருவதுமாக 187 எம்பிதான். "ஒலி மட்டும்" என்ற பொத்தான் முதல் திரையிலேயே இருக்க வேண்டும் என்பதையும் தேவையாக எழுதுங்கள். டேட்டா தீர்ந்து வெளியே நிற்பவருக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு வாக்கு இருக்கிறது.

எஸ்எஃப்யூவில் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று. பேசுபவர் மாறும்போது புதியவரின் படம் முழுதாக வர ஒரு கீஃப்ரேம் (முந்தைய படங்களைச் சாராத முழுப் படம்) தேவை. சர்வர் அதைக் கேட்டு வாங்கும். கூட்டம் தொடங்கும் நேரத்தில் 40 பேர் ஒரே நிமிடத்தில் நுழைந்தால் ஒவ்வொரு நுழைவுக்கும் ஒரு கோரிக்கை கிளம்பி, பேசுபவரின் கருவி கீஃப்ரேமாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். படம் எல்லோருக்கும் மங்கும். கோரிக்கைகளைச் சேர்த்து இடைவெளிவிட்டு அனுப்பும் சர்வரா என்று சோதியுங்கள்.

யார் பேசுகிறார் என்பதை ஒலி அளவை வைத்துச் சர்வர் முடிவு செய்கிறது. ஆர்எஃப்சி 6464 வழியே ஒவ்வொரு பொதியிலும் 0 முதல் 127 வரை ஓர் எண் வரும். 127 என்றால் அமைதி. அந்த எண்ணை மட்டும் பார்த்து உடனே மாற்றினால், இருமியவரும் மின்விசிறியும் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினால்தான் மாற வேண்டும்.

படி 5: நிலவரத்துக்கு ஒரே உரிமையாளர்

யார் உள்ளே, யார் மியூட்டில், யார் நடத்துநர் என்ற பட்டியல் ஃபோகஸிடம் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவர்களிடம் இருப்பது அதன் நகல். ஆர்எஃப்சி 4575 இதற்கு எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. முதலில் முழுப் பட்டியல் வரும், பின்னர் மாற்றங்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பதிப்பு எண். 17-க்குப் பிறகு 19 வந்தால் நடுவே ஒன்று தொலைந்தது என்று கருவிக்குத் தெரியும். கைவசம் இருப்பதை நம்பாமல் முழுப் பட்டியலைத் திரும்பக் கேட்கும். உங்கள் மென்பொருளில் இந்த எண் இல்லையென்றால், ஒருவர் திரையில் மியூட்டாகவும் இன்னொருவர் திரையில் திறந்தும் தெரியும் மைக்குகள் வரும்.

கட்டளைகளுக்கும் இதே எண் வேண்டும். முதல் நடத்துநர் "எல்லோரையும் மியூட் செய்" என்கிறார். அதே நொடியில் இரண்டாமவர் ஒருவருக்குப் பேச அனுமதி தருகிறார். இரண்டு கட்டளைகளும் 17-ஆம் பதிப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை. முதலில் வந்து சேர்ந்ததை ஃபோகஸ் ஏற்று 18 ஆக்க வேண்டும். அடுத்ததை மறுத்து, புதிய நிலவரத்தைக் காட்டி, மீண்டும் கேட்க வேண்டும். கடைசியாக வந்ததே செல்லும் என்று விட்டால், யாரும் நினைக்காத ஒரு மைக் திறந்திருக்கும்.

அடுத்தது, போனவர் போகாததுபோல் தெரிவது. பேட்டரி தீர்ந்த போன் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. உலாவிகள் பயன்படுத்தும் வெப்ஆர்டிசி இணைப்பில் மறுமுனையின் ஒப்புதல் 30 வினாடி வராவிட்டால் அனுப்புவதை நிறுத்த வேண்டும் (ஆர்எஃப்சி 7675). சிப் தொலைபேசி இணைப்பில், இணைப்பு இன்னும் இருக்கிறதா என்று சரிபார்க்கும் செஷன் டைமரின் பரிந்துரைக்கப்பட்ட இடைவெளி 1800 வினாடி, குறைந்தபட்சம் 90 (ஆர்எஃப்சி 4028). இயல்பான மதிப்பை மாற்றாமல் விட்டால் தொலைபேசிக்காரரின் பெயர் அரை மணி நேரம்கூடப் பட்டியலில் நிற்கலாம். கோரம் (தேவையான குறைந்தபட்ச வருகை) எண்ணும் கூட்டத்தில் இதன் விளைவு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இடைவெளியை 90 வினாடியாகக் குறைத்துவிட்டு, வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு விசையை அழுத்தச் சொல்லி எண்ணுங்கள்.

படி 6: பேசும் உரிமை

கை உயர்த்தும் பொத்தான் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். அது வெறும் அடையாளம். பேசும் உரிமையை ஒரு பொருள்போலக் கருதி, அதைக் கேட்க, தர, திரும்பப் பெற வழி செய்வதுதான் ஃப்ளோர் கட்டுப்பாடு. அதற்கான நெறிமுறை பிஎஃப்சிபி. 2006-இல் வந்தது, 2021-இல் ஆர்எஃப்சி 8855 ஆகப் புதுப்பிக்கப்பட்டது.

ஒரு கோரிக்கையின் பயணம்: பங்கேற்பாளர் கேட்டவுடன் அது "நிலுவை". யார் பேசலாம் என்று முடிவு செய்யும் தலைவர் ஒப்புக்கொண்டால் "ஏற்கப்பட்டது", அதாவது வரிசையில் நிற்கிறது, இன்னும் பேச முடியாது. முறை வந்ததும் "வழங்கப்பட்டது". பேசி முடித்து அவரே விட்டால் "விடப்பட்டது". தலைவர் பறித்தால் "திரும்பப் பெறப்பட்டது". தொடங்கும் முன்பே "மறுக்கப்பட்டது", "ரத்து" என்று முடியவும் வாய்ப்புண்டு. ஏற்கப்பட்டதையும் வழங்கப்பட்டதையும் திரையில் ஒரே நிறத்தில் காட்டாதீர்கள். வரிசையில் நிற்பவர் தன் முறை வந்துவிட்டதாக நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்.

மறக்கக் கூடாத ஒன்று: ஃப்ளோர் நெறிமுறை ஒலியைத் தொடாது. "வழங்கப்பட்டது" என்ற செய்தி வந்தபின் மிக்ஸரோ எஸ்எஃப்யூவோ அந்தப் பாதையைத் திறக்க வேண்டும், திரும்பப் பெற்றதும் மூட வேண்டும். இந்த இணைப்பைச் செய்யாத அமைப்பில், உரிமை பறிக்கப்பட்டவர் பேசிக்கொண்டே இருப்பார், எல்லோருக்கும் கேட்கும்.

இதற்கு எழுத வேண்டிய விதிகள் நான்கு. ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசலாம். ஒருவருக்கு எத்தனை நிமிடம். தலைவர் துண்டிக்கப்பட்டால் வரிசை உறைய வேண்டுமா, வந்த வரிசைப்படி தானே நகர வேண்டுமா. துண்டிக்கப்பட்ட பேச்சாளர் திரும்பி வந்தால் அவர் இடம் இருக்குமா. கடைசிக் கேள்விக்கு 60 வினாடி வரை இடத்தை வைத்திருப்பது நியாயம் என்பது எங்கள் எண்ணம். இணைப்பு சரியில்லாதவர் ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போனால் அவரால் கூட்டம் முழுக்கப் பேசவே முடியாது.

படி 7: வாசல்

ஜிட்சியை நிறுவியதும் அப்படியே விட்டால், முதலில் நுழைபவர் நடத்துநர். அவர் போனால் உள்ளே இருக்கும் இன்னொருவருக்கு அந்த அதிகாரம் தானாகப் போகும். நண்பர்கள் பேச இது வசதி. நம் கூட்டத்துக்கு ஆபத்து. ஜிகோஃபோவில் தானாக அதிகாரம் தரும் அமைப்பை நிறுத்தி, ப்ரோசடியில் கடவுச்சொல்லுடன் கூடிய நுழைவை மூன்று நடத்துநர்களுக்கும் வையுங்கள். மற்றவர்கள் விருந்தினர்களாக லாபியில் காத்திருக்கட்டும். பிரிட்ஜுக்கான யூடிபி 10000 போர்ட்டை ஃபயர்வாலில் திறக்க மறந்துவிட்டால் எல்லோர் பெயரும் தெரியும், இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சில சமயம் ஒலியும் வரும், மூன்றாமவர் சேர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். இரண்டு பேருக்கிடையில் ஜிட்சி நேரடி இணைப்பைப் பயன்படுத்துவதால் வரும் மயக்கம் இது.

ஒரு ஜிப்ரி ஒரு சமயத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதிவு செய்யும். அதே நேரத்தில் இன்னொரு கூட்டமும் பதிவாக வேண்டும் என்றால் இரண்டாவது ஜிப்ரி தேவை.

படி 8: முதல் கூட்டத்துக்கு முன் சோதனை

மூன்று பேர் சேர்ந்து பேசிப் பார்ப்பது சோதனை ஆகாது. படி 7-இல் சொன்ன போர்ட் கோளாறைத் தவிர வேறொன்றும் அதில் பிடிபடாது. படி 1-இல் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் வேண்டுமென்றே முறித்துப் பாருங்கள். நடத்துநரின் வைஃபையை அணையுங்கள். யாருக்கு அதிகாரம் போகிறது, எத்தனை வினாடியில் பெயர் மறைகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். மியூட் செய்யப்பட்டவரின் கருவியில் பழைய பதிப்புச் செயலியைப் போட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒலி கசிந்தால் மியூட் சர்வரில் நடக்கவில்லை, கருவியின் நல்லெண்ணத்தில் நடக்கிறது. இணைப்புக் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸின் நெட்எம் கொண்டு ஒரு கருவிக்கு 5 சதவீதப் பொதி இழப்பும் 100 மில்லி வினாடித் தாமதமும் சேர்த்து, அவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள்.

தொலைபேசிச் சோதனையைத் தனியாக வையுங்கள். எட்டு எண்களிலிருந்தும் ஒரே நிமிடத்தில் அழையுங்கள். அவர்களில் ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டு, கூட்டம் ஓடும் கணினிக்குப் பக்கத்தில் வைக்கட்டும். ஊளை கிளம்பும். அது யாரிடமிருந்து வருகிறது என்று நடத்துநர் கண்டுபிடித்து அந்த இணைப்பை மட்டும் அடைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். பட்டியலில் எட்டுப் பேரும் "தொலைபேசி" என்ற ஒரே பெயரில் தெரிந்தால் எட்டையும் ஒவ்வொன்றாக அடைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அப்படித் தெரிந்தால், நுழையும்போதே ஒவ்வொருவருக்கும் தனி எண்ணை அழுத்தச் சொல்லி, அதைப் பெயராகக் காட்டும்படி கேட்வேயை மாற்றிவிட்டு இந்தச் சோதனையை மறுபடி நடத்துங்கள்.